பதினோராவது வாரம், அலாரத்தை அணைத்துவிட்டுப் படுக்கிறேன்: சோம்பலா, களைப்பா?

12 நவம்பர் 2024, காலை (கேள்வி)

ஜனவரி 5 சென்னை மாரத்தானில் ஃபுல்லுக்கு (42 கி.மீ.) பதிவு செய்திருக்கிறேன். முதல் ஃபுல். 18 வார அட்டவணையில் இது 11வது வாரம். ஞாயிறு 26 கி.மீ. ஓடினேன், நேரமும் மோசமில்லை. அதற்கப்புறம் நாலரை மணிக்கு அலாரம் அடித்தால் அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். இரவில் தெருவை மூன்று கிலோமீட்டர் சுற்றிவிட்டு வருகிறேன். ஏனென்றால் 71 நாளாக ஒரு நாளும் விட்டதில்லை, அந்தக் கணக்கு அறுந்துவிடக் கூடாது. ஓய்வு பழக்கத்தைக் கெடுக்கும் என்பது என் கருத்து. ஒரு நாள் விட்டால் ஒரு வாரம் போய்விடும். ஆனால் செப்டம்பரில் இருந்த வெறி இப்போது இல்லை. இது சோம்பலா, நிஜமான களைப்பா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

12 நவம்பர், இரவு 10.40 (பதில்)

ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் தம்பி? ஞாயிறு 26 ஓடிய பிறகு மதியம் தூங்கினீர்களா, இல்லை கல்யாணம், ரிசப்ஷன் என்று அலைந்தீர்களா? பசி எப்படி? வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுகிறீர்களா? இதற்கெல்லாம் பதில் தெரியாமல் சோம்பல் என்று முத்திரை குத்த மாட்டேன்.

நான் செய்வது இது. காலையில் கண் விழித்ததும், எழுந்து உட்காரும் முன்பே, நாடித்துடிப்பைப் பார்ப்பேன். எனக்கு வழக்கமாக 54. இரண்டு நாள் தொடர்ந்து 60ஐத் தாண்டினால் அன்று ஓட்டம் இல்லை. வழக்கமான எண்ணே இருந்து மனசு மட்டும் மக்கர் பண்ணினால், ஷூவைக் கட்டிக்கொண்டு 15 நிமிடம் மெதுவாக ஓடுவேன். 15 நிமிடம் கழித்தும் கால் இழுத்தால் திரும்பி வந்துவிடுவேன். பெரும்பாலும் பத்தாவது நிமிடத்திலேயே உடம்பு சூடாகி, போகலாம் என்று தோன்றிவிடும். அப்படித் தோன்றினால் அது வெறும் சோம்பல்தான்.

13 நவம்பர், காலை

நேற்று எழுதியதில் ஒரு தப்பு இருக்கிறது. படுத்த பிறகு ஞாபகம் வந்தது, தூக்கமே வரவில்லை.

15 நிமிட சோதனை 2019இல் என்னை ஏமாற்றியது. அந்த வருடம் ஜூலையிலிருந்தே ஓட மனசில்லை. வெளியே போய்விட்டால் முதல் 15 நிமிடம் சரியாகத்தான் இருக்கும். அதனால் இது சோம்பல் என்று முடிவுகட்டி மேலும் ஓடினேன். செப்டம்பரில் எங்கள் அபார்ட்மெண்ட் மாடிப்படி மூன்றாவது தளத்தில் மூச்சு வாங்கி நின்றேன். 18 கி.மீ. ஓடுகிறவளுக்கு மூன்று மாடி ஏற முடியவில்லை. முதலில் பார்த்த டாக்டர் ஹீமோகுளோபின் 12.1 என்று பார்த்துவிட்டு, “எல்லாம் நார்மல், ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்” என்று அனுப்பிவிட்டார். இன்னொரு டாக்டர்தான் ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னார். 9. இரும்புச் சத்தின் சேமிப்புக் கிடங்கு கிட்டத்தட்ட காலி. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே கிடங்கு காலியாகிவிடும் என்று அன்றுதான் தெரிந்தது.

மாதவிடாய் உள்ள பெண்கள், சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள், நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் ஆகிய மூவருக்கும் இரும்பு குறைய வாய்ப்பு அதிகம். நான் அந்த மூன்றிலும் இருந்தேன். சாப்பிட்ட கையோடு காபி குடிக்கும் பழக்கம் வேறு. காபியும் டீயும் உணவிலுள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். டாக்டர் சொன்ன மாத்திரை, சாப்பாட்டோடு எலுமிச்சை, காபி ஒரு மணி நேரம் தள்ளி. நாலு மாதம் ஆயிற்று. அந்த நாலு மாதத்தில் உற்சாகம் தானாகவே திரும்பி வந்தது. அதற்காக நான் மனசை மாற்றவோ சுவரில் வாசகம் ஒட்டவோ வேண்டியிருக்கவில்லை.

(இரும்பு மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். அதிகமானாலும் கெடுதல். ரத்தப் பரிசோதனை முதலில்.)

ஆகவே நேற்று சொன்னதைத் திருத்துகிறேன். 15 நிமிட சோதனை ஒரு நாள் களைப்பைக் கண்டுபிடிக்கத்தான் உதவும். மூன்று வாரமாக மனசில்லை என்றால் அந்தச் சோதனை செல்லாது.

17 நவம்பர், ஞாயிறு

இன்று பெசன்ட் நகரிலிருந்து அடையாறு பாலம், சாந்தோம் வழியாக நேப்பியர் பாலம் போய்த் திரும்பினேன். காற்று நன்றாக இருந்தது. திரும்பும்போது தம்பியின் 71 நாள் கணக்குதான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

தொடர்ச்சிக் கணக்கை நான் எதிர்க்கிறேன். காரணம் எலும்பு.

தசை இரண்டு மூன்று நாளில் தேறிவிடும். எலும்பு அப்படியில்லை. புதிய பாரம் ஏறும்போது எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைத்து எடுக்கிறது, அதற்கு ஏறக்குறைய மூன்று வாரம். அப்புறம்தான் புதிதாகக் கட்டுகிறது, அதற்கு மாதக்கணக்கு ஆகும். அதாவது பயிற்சியைக் கூட்டிய சில வாரங்களில் எலும்பு முன்பைவிடக் கொஞ்சம் பலவீனமாக இருக்கும் காலம் ஒன்று உண்டு. மூச்சு, இதயம், தசை எல்லாம் “நான் தயார், போ” என்று சொல்லும் அதே நேரத்தில் எலும்பு பாதி கட்டிய வீடாக நிற்கும்.

2017இல் எனக்கு இதுதான் நடந்தது. 94 நாள் தொடர் ஓட்டம். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரு விரல் அகலத்துக்கு வலி. அமுக்கினால் உயிர் போகும். ஓட ஆரம்பித்தால் குறையும், நின்றதும் திரும்ப வரும். 95வது நாளும் ஓடினேன், 96வது நாளும். எம்ஆர்ஐ எடுத்தபோது, “இன்னும் ஒரு வாரம் ஓடியிருந்தால் விரிசல் விட்டிருக்கும்” என்றார்கள். எட்டு வாரம் ஓட்டம் கிடையாது. ஒரு நாள் ஓய்வு கொடுக்க மனசு வராமல் 56 நாள் கொடுத்தேன். அந்த எட்டு வாரத்தில் முதல் நான்கு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. என் பெரியவள் அப்போது ஐந்தாம் வகுப்பு. “அம்மா, நீ ஓடாம இருந்தா ஏன் கோவமாவே இருக்க?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

தம்பி, இரவில் ஓடும் அந்த மூன்று கிலோமீட்டரால் உங்களுக்கு எந்த உடற்தகுதியும் கூடவில்லை. தூக்கம்தான் ஒரு மணி நேரம் தள்ளிப்போகிறது.

17 நவம்பர், மாலை

ஒரு கதை. 1960களில் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் பில் பவர்மன் என்ற பயிற்சியாளர். ஒரு நாள் கடினம், அடுத்த நாள் எளிது என்ற முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். அவரிடம் கென்னி மூர் என்று ஒரு மாணவன். எளிதான நாளிலும் திருட்டுத்தனமாகக் கூடுதலாக ஓடுவான், அடிக்கடி நோயில் விழுவான். ஒரு நாள் பவர்மன் அவன் கழுத்தைப் பிடித்து, மூன்று வாரத்துக்கு ஒரு நாளைக்கு மூன்று மைலுக்கு மேல், அதுவும் மெதுவாக, ஓடக் கூடாது என்று உத்தரவு போட்டார். கோபத்தோடு கட்டுப்பட்டான். மூன்று வாரம் கழித்து இரண்டு மைல் போட்டியில் தன் பழைய நேரத்தை உடைத்தான். அந்த மூர்தான் 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் நான்காவதாக வந்தவர்.

கழுத்தைப் பிடித்ததை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் நம்மில் பலருக்கு ஓடு என்று சொல்ல ஆள் தேவையில்லை, நில் என்று சொல்லத்தான் ஆள் தேவை.

18 நவம்பர்

ஒருவர் கேட்டிருக்கிறார்: “கெல்வின் கிப்டம் ஓய்வு நாளே எடுக்கவில்லையே? அதனால்தானே 2 மணி 35 விநாடி?”

நியாயமான கேள்வி. கென்ய மாரத்தான் வீரரான அவர் 2023 அக்டோபரில் சிகாகோவில் ஓடிய 2:00:35 அப்போது உலக சாதனை. வாரத்துக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவார், வாராந்திர ஓய்வு நாள் கிடையாது, களைப்போ வலியோ தெரிந்தால்தான் ஓய்வு என்று அவர் பயிற்சியாளரே சொன்னார். ஆனால் அதே மனிதர், இந்த வேகத்தில் போனால் ஐந்து வருடத்தில் உடம்பு முடிந்துவிடும், நிதானிக்கச் சொல்கிறேன், கேட்கமாட்டேன் என்கிறான் என்றும் சொன்னார். அந்த ஐந்து வருடம் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. இந்த பிப்ரவரியில் கார் விபத்தில் இறந்தார். 24 வயது. அதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

இன்னொன்று. கென்யாவின் முகாம்களில் காலை ஓட்டம் முடிந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் மதியம் வரை தூக்கம். ஓடாத நேரம் முழுக்க அவர்களுக்கு ஓய்வு, அதுவும் அவர்கள் வேலையின் பாகம். நாம் காலையில் 16 ஓடிவிட்டு, குளித்து, டிபன் கட்டி, பஸ் பிடித்து, எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, திரும்பி வந்து பிள்ளைக்கு வீட்டுப் பாடம் சொல்லித் தருகிறோம். அவர்களுடைய கிலோமீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு தூக்கத்தை விட்டுவிடக் கூடாது.

24 நவம்பர்

தம்பி எழுதியிருந்தார்: கணக்கை 77இல் நிறுத்திவிட்டார், திங்கட்கிழமை முழு ஓய்வு. “முதல் நாள் குற்ற உணர்ச்சி, இரண்டாம் நாள் பசி” என்கிறார். பசி நல்ல சகுனம்.

அவர் ஐடி வேலை, இந்த மாதம் புராஜெக்ட் ரிலீஸ். நான் கணக்குப் பிரிவு, மாத இறுதி வந்தால் மூன்று நாள் திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. அந்த நாட்களில் உடம்பு ஒன்றும் செய்யவில்லையே, ஏன் ஓட்டம் இவ்வளவு கஷ்டம் என்று வருடக்கணக்காகக் குழம்பினேன்.

2009இல் சாமுவேல் மார்கோராவும் அவர் குழுவும் செய்த ஆய்வு அதற்கு விடை சொன்னது. 16 பேர். ஒரு நாள் 90 நிமிடம் கணினியில் மூளையைக் கசக்கும் வேலை, இன்னொரு நாள் அதே நேரம் ஆவணப்படம் பார்க்க வேண்டும். இரண்டு நாளும் அதன்பிறகு முடியாமல் போகும் வரை சைக்கிள் மிதிக்க வேண்டும். மூளை வேலை செய்த நாளில் சுமார் 15 சதவீதம் முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். இதயமும் தசையும் தளர்ந்ததாகத் தெரியவில்லை. அதே மிதிப்பு கூடுதல் கஷ்டமாக உணரப்பட்டது, அவ்வளவுதான்.

இதைப் படித்ததிலிருந்து மாத இறுதி மூன்று நாளிலும் டெம்போ ஓட்டம் (ஒரே சீராக, வேகமாக ஓடுவது) வைப்பதில்லை. மெதுவாக ஐந்து கிலோமீட்டர், அல்லது ஒன்றுமில்லை. அட்டவணை போடுகிறவர்கள் கிலோமீட்டரை மட்டும் எண்ணுகிறார்கள். உங்கள் அலுவலக நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள்தான் திருத்த வேண்டும்.

1 டிசம்பர், ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்று இரவு புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. இங்கே தெருவில் கணுக்கால் தண்ணீர். அட்டவணையில் இன்று 30 கி.மீ. என்று இருந்தது. போகவில்லை. யாரும் போகாதீர்கள், மூடி இல்லாத மேன்ஹோல் தண்ணீருக்குள் தெரியாது.

காலையிலிருந்து நாலு பேர் பதறுகிறார்கள், அஞ்சு வாரம்தான் இருக்கிறது என்று. பதற வேண்டாம். எட்வர்ட் காயல் 1984இல் செய்த ஆய்வில், நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் பயிற்சியை அடியோடு நிறுத்தியபோது, விஓ2 மேக்ஸ் (உடம்பு அதிகபட்சமாக எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு) முதல் மூன்று வாரத்தில் 7 சதவீதம்தான் இறங்கியது. முழுசாக மூன்று வாரம் படுத்துக் கிடந்தால்தான் அவ்வளவு. ஒரு ஞாயிறு போனால் அளக்கக்கூட முடியாது.

1950இல் செக்கோஸ்லோவாக்கிய ஓட்டக்காரர் எமில் சாட்டோபெக் கெட்டுப்போன உணவு சாப்பிட்டு இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஐரோப்பிய சாம்பியன்ஷிப்புக்கு இரண்டு நாள் முன்புதான் வெளியே வந்தார். பிரஸ்ஸல்ஸில் 10,000 மீட்டரை ஒரு நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் வென்றார், 5,000த்தையும் வென்றார். பயிற்சி வெறியர் என்று பெயரெடுத்த மனிதருக்குக் கட்டாய ஓய்வு செய்த உதவி அது.

தவறவிட்ட ஓட்டத்தை வாரநாளில் திணிக்காதீர்கள். போனது போகட்டும், அடுத்த ஞாயிறு அதற்குரியதை ஓடுங்கள்.

2 டிசம்பர்

தம்பி நேற்று நான் எழுதியதைப் படிக்கும் முன்பே அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் தூணைச் சுற்றிச் சுற்றி 14 கி.மீ. ஓடியிருக்கிறார். பத்தாவது கிலோமீட்டரில் வாட்ச்மேன் டார்ச்சோடு வந்து, “சார், எந்த வண்டி? நானும் தேடறேன்” என்றாராம். இதை வீட்டில் சொன்னேன், எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தலைசுற்றல் சரியானதும் இடது இடுப்பைக் கவனியுங்கள். ஒரே பக்கமாகத் திரும்பி ஓடினால் ஒரு பக்கம்தான் அடி வாங்கும்.

14 டிசம்பர்

மேலே எழுதியதையெல்லாம் வாசித்தேன். ஓய்வு, ஓய்வு என்று ஒரு பக்கமாகவே பேசியிருக்கிறேன். மறுபக்கமும் இருக்கிறது.

2022இல் நான் அதிகமாக ஓய்வெடுத்தேன். எலும்பு, இரும்பு என்று இரண்டு முறை சூடு பட்டவள், கொஞ்சம் கால் கனத்தாலும் நிறுத்திவிடுவேன். வாரத்துக்கு மூன்று நாள், அப்புறம் இரண்டு. நாடித்துடிப்பு 54, பசி நன்றாக, தூக்கம் நன்றாக. ஆனாலும் ஓட மனசில்லை. அந்தக் களைப்புக்கு என்ன பெயர் என்று ரொம்ப நாள் தெரியவில்லை.

கடைசியில் பிடிபட்டது. எனக்கு ஓட்டம் சலிக்கவில்லை, தனியாக வாட்சைப் பார்த்து ஓடுவதுதான் சலித்துப்போயிருந்தது. கோவிட் காலத்தில் குழுவை விட்டவள் திரும்பப் போகவே இல்லை. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வாட்ச் அதிரும், ஆறு நாற்பது, ஆறு ஐம்பது என்று பார்ப்பேன், போன வருடத்தோடு ஒப்பிடுவேன், முகம் வாடும். இது படுத்துத் தூங்கினால் போகிற களைப்பில்லை.

வாட்சை அலமாரியில் வைத்துவிட்டு ஞாயிறு குழுவோடு போனேன். எலியட்ஸ் கடற்கரையில் ஐந்து மணிக்கு இருபது பேர் நிற்பார்கள். அதில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், “வந்துட்டியாம்மா” என்று மட்டும் சொன்னார், இரண்டு வருடம் எங்கே போனாய் என்று கேட்கவில்லை. ஓடி முடித்து டீக்கடையில் நின்று அரை மணி நேரம் அரட்டை. அடுத்த ஞாயிறு அலாரத்துக்கு முன்பே முழிப்பு வந்தது.

ஆக, தம்பியின் முதல் கேள்விக்கு இன்று வேறு மாதிரி பதில் சொல்வேன். சோம்பலா களைப்பா என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டிருந்தார், நானும் அதற்கேற்றபடி பதில் சொன்னேன். எனக்கு இதுவரை வந்தது நாலு விதம்: தூக்கம் போதாத களைப்பு, ரத்தத்தில் குறைபாடு, அலுவலகம் உறிஞ்சிய களைப்பு, சலிப்பு. முதலாவதற்கு ஓய்வு போதும். இரண்டாவதற்கு டாக்டர் வேண்டும். மூன்றாவதற்கு அட்டவணையைத் தள்ளிப்போட வேண்டும். நாலாவதற்கு ஓய்வு கொடுத்தால் அது இன்னும் வளரும், அதற்கு ஆட்கள் வேண்டும். வெறும் சோம்பல் என்று நான் நினைத்தவற்றில் முக்கால்வாசி இந்த நாலில் ஒன்றாகத்தான் இருந்தது.

27 டிசம்பர்

டேப்பர் வாரம், அதாவது போட்டிக்கு முன் ஓட்டத்தைக் குறைக்கும் காலம். எல்லாருக்கும் திடீரென்று முழங்கால் வலி, தொண்டை கரகரப்பு, குதிகாலில் குத்தல். எனக்கும் ஒவ்வொரு முறையும் வரும், ஓட ஆரம்பித்த பத்தாவது நிமிடம் காணாமல் போகும்.

எவ்வளவு குறைப்பது என்று மூன்று பேர் கேட்டார்கள். 2007இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு ஒன்று உண்டு. இரண்டு வாரம், மொத்த தூரத்தில் 41 முதல் 60 சதவீதம் வரை குறைப்பு, வேகத்தையும் ஓடும் நாட்களையும் குறைக்காமல் வைத்திருப்பது. இதுதான் நன்றாகப் பலன் தந்தது. ஆகவே படுத்தே கிடக்காதீர்கள். குறைவாக ஓடுங்கள், அதில் இரண்டு கிலோமீட்டர் போட்டி வேகத்தில் ஓடுங்கள்.

3ஆம் தேதி இரவு நன்றாகத் தூங்குங்கள். 4ஆம் தேதி இரவு யாருக்கும் தூக்கம் வராது, வராவிட்டாலும் பரவாயில்லை.

தம்பி: “அக்கா, இப்போ ஓடணும்னு கை கால் துடிக்குது, ஆனா ஓடக் கூடாதுங்கறீங்க.” சந்தோஷமாக இருக்கிறது. நவம்பரில் தொலைந்தது திரும்பி வந்திருக்கிறது, அதைச் செலவழிக்காமல் இன்னும் ஒன்பது நாள் பத்திரமாக வைத்திருங்கள்.

7 ஜனவரி 2025

தம்பி முடித்துவிட்டார். 4 மணி 51 நிமிடம். நேப்பியர் பாலத்தில் இருட்டோடு கிளம்பியவர், 34வது கிலோமீட்டரில் ஓரமாக உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினேன், அந்த இரண்டு நிமிடத்தில்தான் மிச்சம் எட்டு கிலோமீட்டருக்குத் தெம்பு வந்தது என்கிறார். நான் ஹாஃப் முடித்துவிட்டு, உரித்த ஆரஞ்சுச் சுளைகளோடு ரோட்டோரம் நின்றேன். அவரைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. எனக்கு எதிரே வந்த நூறு பேரில் யாரோ ஒருவர் கையில் என் ஆரஞ்சு போயிருக்கலாம்.

இப்போது, அடுத்து எது என்று கேட்கிறார். பிப்ரவரியில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறாராம். தம்பி, இரண்டு வாரம் ஒன்றுமே வேண்டாம். பொங்கல் வருகிறது, ஊருக்குப் போங்கள், கரும்பு சாப்பிடுங்கள், தினமும் எட்டு மணி நேரம் தூங்குங்கள். 20ஆம் தேதிக்கு அப்புறம் ஒரு ஞாயிறு எலியட்ஸுக்கு வாருங்கள், வாட்ச் இல்லாமல். டீ என் கணக்கு.

இன்று காலை நாலரைக்கு எனக்குத் தானாக முழிப்பு வந்தது. நாடி 63. வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, மறுபடி போர்த்திக்கொண்டு படுத்தேன்.